ஜமேதார் என்றொரு சொல்

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
4-6-1917

மகன் லாரன்ஸுக்கு அப்பா எழுதுவது.

பஸ்ராவிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. உனக்குச் சுகம் என்று தெரிந்ததும் உன் அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் கொளுத்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னை ஜமேதார் ஆக்கிவிட்டார்கள், சிக்னல் கம்பெனியில் கம்பி வேலையெல்லாம் இனி என் பொறுப்பு என்று இரண்டே வரி எழுதியிருந்தாய். நான் இந்தத் தீவிலேயே பிறந்து, கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவன். பட்டாளத்துப் பதவிகள் எனக்கு எங்கே தெரியும்? ஏதோ பெரிய பதவி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனேன். ஜபருல்லா ராவுத்தரின் காசுக்கடையில் நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து, என் மகன் ஜமேதார் ஆகிவிட்டான், அது கேப்டனுக்கு மேலா கீழா என்று கேட்டேன். வாசலில் காவல் இருக்கும் கல்கத்தாக்கார ஜாகா விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஊரில் கக்கூஸ் கழுவுகிறவனைத்தான் ஜமேதார் என்று கூப்பிடுவார்களாம். கடையே சிரித்தது. ராவுத்தர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தேத்தண்ணீர் வரவழைத்தார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

தந்தி ஆபீசில் கவர்மெண்டு உத்தியோகம், உட்கார நாற்காலி, கடைசியில் பென்ஷன். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்க, பெங்களூர்ப் பட்டாளத்தில் சேருகிறேன் என்று கப்பல் ஏறினாய். கம்பி வேலை என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு அங்கே எதைக் கையில் பிடித்திருக்கிறாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. அதைப் பெருமையாக எழுதவும் உனக்குக் கூச்சமில்லை.

உனக்கும் டோரதிக்கும் பேசியிருந்த கல்யாணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று மைக்கேல் வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? பெண்ணைப் பெற்றவர், பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது.

இனி உறையின்மேல் அந்தப் பட்டத்தை எழுதாதே, தபால்காரன் படிப்பான். சண்டை முடிந்தால் ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடிக்கொள். அந்த உடுப்போடு நம் தெருவுக்குள் வராதே. இதை நான் எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது.

இராயப்பன்


சேசு மரி சூசை துணை

பினாங்கு,
25-6-1917

என் அன்பு மகன் லாரன்ஸுக்கு,

இது முதலில் உன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதற்கு முன் நான் எழுதிய கடிதம் ஒன்று கடலில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்தால் பிரிக்காதே. அடுப்பில் போட்டுவிடு.

நேற்று ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு, நம் பங்கைச் சேர்ந்த ஜமேதார் லாரன்ஸுக்காக எல்லோரும் மன்றாடுவோம் என்றார். கோயில் முழுவதும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. பீடத்தில் நின்றுகொண்டு என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, நற்கருணை நன்மை கொடுப்பதற்கு முன்னாலேயே எழுந்து, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தேன். உன் அம்மா பெண்கள் பக்கத்தில் விக்கித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் சாமியாரின் அறைக்குப் போய், ஏழைக் கிராணியின் மானத்தை இப்படி வாங்கலாமா என்று சத்தம் போட்டேன். அந்த வெள்ளைக்கார மனுஷர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். பிறகு, கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லி நீ அவருக்கு எழுதிய கடிதத்தையும், அதோடு உன் மேஜர் துரை எழுதியிருந்ததையும் எடுத்துத் தமிழில் சொன்னார்.

ஜமேதார் என்றால் ஆபீசராம். சிப்பாய்கள் உன்னைச் சாகிப் என்று கூப்பிட்டு சல்யூட் அடிக்கவேண்டுமாம். ஆற்றங்கரைச் சண்டையில் குண்டு விழுந்து டெலிபோன் கம்பி மறுபடி மறுபடி அறுந்தபோது, நீ வயிற்றால் ஊர்ந்துபோய் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாயாம். கூட வந்த இரண்டு பேர் திரும்பவில்லையாம். அந்தக் கம்பியில் போன சேதியால் ஒரு பட்டாளமே பிழைத்தது என்று துரை எழுதியிருக்கிறார். நீயோ கம்பி வேலை என்று முடித்துவிட்டாய். நீ வாய் பேசாதவன் என்று பெற்ற எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒரு ஜாகாவின் சிரிப்பை நம்பினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

நேற்று மத்தியானமே மைக்கேல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. டோரதிதான் வந்தாள். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டுவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்றது உங்கள் மகனா நீங்களா மாமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். நான்தான் என்றேன். அப்படியானால் அவர் கையெழுத்தில் ஒரு வரி வரட்டும், அதுவரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அது நியாயம்தான். அவளுக்கு உடனே எழுது.

இன்று காலை தந்தி அடிக்க உன் பழைய ஆபீசுக்குப் போனேன். கார்த்திகேசுவும் மற்றப் பையன்களும் எழுந்து வந்து கைகொடுத்தார்கள். சாகிப்பின் அப்பா என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். முன் கடிதத்தைப் படிக்காதே என்று எழுதவேண்டியதுதான் பாக்கி. ஏன், அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால்? பேனாவைக் கீழே வைத்தேன். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வாய் உனக்குத் தெரியும். கிழித்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் சத்தமே போடவில்லை. அந்த ஜாகா சொன்ன வேலைதான் என் பிள்ளை வேலை என்று ஆகியிருந்தால், இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவீர்களா என்று மட்டும் கேட்டாள். நீ சிறுவயதில் வாந்திபேதியில் கிடந்தபோது உனக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கழுவியவள் அவள்தான். அன்றைக்கு எனக்கு என்ன பட்டம் கொடுத்தீர்கள் என்றும் கேட்டாள்.

அவள் முதலில் கேட்டதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். எழுதியிருக்க மாட்டேன், மகனே. அதுதான் என்னைத் தின்கிறது. அர்த்தம் தெரியாமல் பேசியது ஒரு முட்டாள்தனம், அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். பதவி பெரியது என்று தெரிந்தபிறகு ஓடிவருகிற பாசத்தை வைத்துக்கொண்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை மறுபடி தந்தி ஆபீசுக்குப் போகிறேன். கார்த்திகேசு கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான் செய்ததைச் சொல்லிவிட்டே தந்தியைக் கொடுப்பேன். இப்படி எழுதிவிட்டேனே தவிர, அந்தப் படியில் கால் ஏறுமா என்று தெரியாது. அதனால்தான் இதையும் கப்பலுக்குக் கொடுக்கிறேன்.

வந்த சேதியை ஒரு எழுத்துக் குறையாமல் சேர்ப்பவன் நீ என்று துரை எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவனிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். உன் தகப்பன் அனுப்பிய அந்த ஒரு சேதியை மட்டும் வழியிலேயே தொலைத்துவிடு.

மாதா உன் தலைமேல் கைவைத்துக் காப்பாளாக. அந்த முதல் கடிதம் முந்திக்கொண்டு வந்து, நீ படித்தும் விட்டாயானால், என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது, ராசா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
இராயப்பன்