சீப்பும் தண்ணீரும்

என்னங்க,

கோபம் ஆறியதா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் தம்பி வீட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் நீங்கள் மறந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் சீப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் தலைக்குச் சீப்பு எதற்கு என்பது வேறு பேச்சு.

நாளை என் வேதியியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டும். அதனால் உலர்ந்த தலையை அந்தச் சீப்பால் நன்றாகச் சீவி, அதை குழாயில் நூலாக ஒழுகிய தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் சீப்பை நோக்கி வளைந்தது. எண்ணெயையும் அதேபோல் நூலாக ஊற்றிப் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு நேராக இறங்கியது.

"எண்ணெய் ஏம்மா வளையல?" என்றாள் நம் மகள்.

"தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் பாசிட்டிவ், ஒரு பக்கம் நெகட்டிவ். அதனால, தலை சீவி மின்னூட்டம் ஏறின சீப்பு அதை இழுக்குது. எண்ணெய்ல இழுக்க அப்படி ஒரு பக்கமே இல்ல."

"அப்போ அப்பா எண்ணெயா?"

அதட்டினேன். சிரிப்பும் வந்தது.

அவள் சீப்பை வாங்கி இன்னும் கிட்டே கொண்டுபோனாள். தண்ணீரில் பட்டுச் சீப்பு நனைந்ததும் மின்னூட்டம் போய், தண்ணீர் பழையபடி நேராக விழுந்தது.

"தொட வேணாம்டி, பக்கத்துல இருந்தாலே போதும்" என்றேன்.

சீப்பைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். எடுத்துப்போக வாருங்கள். உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை, வாசல் வரை வந்தால் போதும்.

உங்கள் வீட்டுக்காரி