சத்தமில்லாத விடைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் நலம்.

இங்கே நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கூடிப் பேசி, கணக்குக்கு விடை சொல்லும்போது சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் திணறுவேன் என்று நினைத்தார்கள். நானோ, "சரி, உட்காரு" என்று ஐந்து பேரை உட்கார வைத்தேன். ஆறாவது பெண் அழுதுகொண்டே கரும்பலகையில் எழுதினாள்: "நாங்க சத்தமே போடல சிஸ்டர்."

ஒரு வருடமாகவே எனக்குக் காது மந்தம். உதடுகளைப் பார்த்துத்தான் பாடம் நடத்தி வந்தேன். குட்டு உடைந்துவிட்டது.

எங்கள் கன்னியர் மடத்துத் தலைவி மதர் என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "கடவுள் சித்தம் சிஸ்டர், கீழ்ப்படிங்க" என்றார். இருபத்திரண்டு வருடம் கற்பித்தவளுக்கு இப்போது கோயில் பீடத் துணிகளை இஸ்திரி போடும் வேலை. காதுக்கு மெஷின் கேட்டேன். "இஸ்திரி போடக் காது எதுக்கு?" என்றார். கடவுளின் சித்தம் எப்போதும் மதரின் வாய்வழியாகத்தான் வருகிறது, அப்பா. அதையும் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

இனி போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள். சென்ற ஞாயிறு போனில் நெடுநேரம் பேசினீர்கள். நானும் "சரிப்பா, சரிப்பா" என்றேன். என்ன சொன்னீர்கள்?

எல்லோரும் எழுந்து போகிறார்கள். ஜெபமணி அடித்திருக்கும்.

உங்கள் மகள்