சுவரில் இருந்த கோடு

அன்புள்ள கொக்குக்கு,

பெர்மில், நம் பாலே பள்ளி முற்றத்தில் பனி இன்னும் உருகவில்லை. நீ ஊருக்குப் போனதும் ரிம்மா சவேல்யெவ்னா டீச்சர் காலை இழுத்துப் பழகும் ரப்பர் பட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டார். இப்போது காலைத் தூக்கி, கை படாமல் எட்டு எண்ணும்வரை நிறுத்த வேண்டும். “கையால இழுத்தா ஏறும், விட்டா விழும். வயிறும் தொடையும்தான்டி தூக்கணும்” என்கிறார். என் கால் ஐந்திலேயே விடுமுறை கேட்கிறது.

நீ எழுதியதை டீச்சர் என்னிடம் காட்டினார். ஆறு மாதம் முயன்றும் சுவர்க் கோட்டை எட்ட முடியவில்லை, உனக்கு உடம்பு வளையாது, மே மாதத் தேர்வுக்கு வரமாட்டாய் என்று எழுதியிருந்தாய். கையெழுத்து அழகாக இருந்தது.

அந்தக் கோடு உன் கால் எட்ட வேண்டிய உயரம் என்று செப்டம்பரில் டீச்சர் சாக்பீஸால் போட்டது. சனிக்கிழமைகளில் பயிற்சி அறை துடைக்கும் முறை என்னுடையது. ஈரத்துணியால் அதை அழித்து, ஒரு விரல் அளவு மேலே போடுவேன். திங்கட்கிழமை உன் முகத்தைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

“நான் குட்டையாயிட்டேனாடி?” என்று கேட்டாய்.

“இல்லடி, சுவரு வளருது” என்றேன்.

நீ தனியாகப் பட்டை கட்டி இழுத்துக்கொண்டிருந்தது, தொடைத் தசை கிழிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நேற்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்து, “பழைய இடத்துல போடு” என்றார். போட்டேன். நவம்பரிலேயே நீ அதைத் தாண்டிவிட்டாய். கை படாமல். அதைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

மே மாதம் வா. துடைக்கும் முறை இனி என்னுடையது இல்லை.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில்காரி