கோவிலம்பாக்கம் வரைக்கும் கேட்கிற பிரேக்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் பனியன் எதுவும் காயவில்லை.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். காருக்குப் புது பிரேக் பேட் போட்டால் முதலில் கத்தும் என்று மெக்கானிக் பாபுவின் ஷெட்டில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்ன மாதிரியே கத்துகிறது. இந்தத் தாம்பரம் ஏரியாவில் இதைச் சரியாகச் சொல்ல இன்னொரு ஆள் கிடையாது.

சாதா பேட் இல்லை. பெர்ஃபார்மன்ஸ் பேட். ரேஸ் வண்டிக்குப் போடுவது. ஹைவேயில் சத்தமே இல்லை. தெருவுக்குள் மெதுவாக வந்து லேசாக மிதித்தால்தான் கீ...ச். கரும்பலகையில் சாக்பீஸ் வழுக்கினால் வருமே, அதே சத்தம். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா பக்கத்தில் இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு, “சாக்பீஸ ரெண்டா ஒடைச்சு எழுதுங்க, கத்தாது” என்றிருப்பாள். டீச்சர் புத்தி. ரிட்டயர் ஆகியும் போகவில்லை.

அவள் இப்போது தன் தங்கச்சி ரோசி வீட்டில் இருக்கிறாள். கோவிலம்பாக்கம். அமெரிக்கா இல்லை, லண்டன் இல்லை. அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் போன் எடுப்பதில்லை.

காரணம்: பொன்னாடை. ஸ்டெல்லாவுக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தது என்று சர்ச்சில் சபைச் செயலாளரிடம் சும்மா பேச்சுவாக்கில் சொல்லி வைத்திருந்தேன். கிடைத்திருக்க வேண்டியதுதானே? அவர் அதைப் பிடித்துக்கொண்டு அறுப்பின் பண்டிகை அன்று மைக்கில் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, சபையே கைதட்டி. அவள் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை மடித்து டிவி மேல் வைத்துவிட்டு, “உங்க வாய்க்கு பிரேக்கே கிடையாது. என்னைக்கு ஒரு பிரேக் போடறீங்களோ, அன்னைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பை எடுத்தாள்.

சரி. பிரேக் போட்டாயிற்று. வாய்க்கு எங்கே போட? வண்டிக்குப் போட்டேன்.

பொன்னாடை இன்னும் டிவி மேல்தான்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்க வேண்டியது: ரவை, கொசுவத்தி, பா. பவுடர். (பாத்திரம். சிங்க் நிறைந்துவிட்டது.)

எதிர்வீட்டு ராமநாதன் சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “என்ன செல்வராஜ், வண்டிக்குள்ள மயில் ஏதாவது வளக்கறீங்களா?”

“சார், இது அமைச்சர் கான்வாய்ல போடற ஐட்டம். ஜனங்க ஒதுங்கணும்னே சத்தம் வர்ற மாதிரி பண்ணியிருக்கான்.”

“அப்ப ஹாரன் எதுக்கு?”

“அது ஸ்பேர் சார்.”

மனிதர் ஆடிப்போய்விட்டார். போகும்போது, “மேடம் எப்ப வர்றாங்க?” என்று கேட்டார். நாளைக்கு என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன் போல. ஒரு மாதிரி தலையாட்டினார்.

மத்தியானம் வண்டி கழுவினேன். பக்கத்து சீட்டின் கால்மிதி மேட்டில், வலது கால் வைக்கிற இடத்தில், ரப்பர் தேய்ந்து வழவழவென்று. அங்கே பிரேக் கிடையாது. ஆனால் ஸ்டெல்லா மிதிப்பாள். நான் லாரிக்குப் பின்னால் நெருங்கினால் மிதிப்பாள், மாடு வந்தால் மிதிப்பாள், ஒன்றும் வராவிட்டாலும் மிதிப்பாள். இத்தனை வருஷமாக இந்த வண்டியை நிறுத்தியது நானா அவளா என்று சந்தேகம். மற்ற மேட்டையெல்லாம் தேய்த்துக் கழுவினேன். அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன்.

டீ இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். வாய்வு.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். பாபு ஷெட்.

“இன்னா சார், ஊரையே கூட்டிக்கினு வர?”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல பாபு, கத்தும்னு?”

“நீயா சொன்ன? சொன்னது நானு. பால் வாங்கப் போற வண்டிக்கு ரேஸ் பேடு வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன்.”

பாபுவுக்கு ஞாபக சக்தி குறைந்துவருகிறது. பாவம்.

அவன் சொன்ன வைத்தியம்: “நீட்டு ரோடா பாத்துப் போ. ஸ்பீடு எடு, அழுத்தி மிதி, நிக்காத, திரும்ப ஸ்பீடு எடு. அப்புடியே பல வாட்டி. பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும் சார். அது வரிக்கும் கத்திக்கினுதான் கீது. புச்சா கண்ணாலம் கட்டிக்கினவங்க மாரி.”

பழசாகக் கட்டிக்கொண்டவர்களுக்கு என்ன வைத்தியம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ரேடியல் ரோடுக்குப் போனேன். பள்ளிக்கரணை சதுப்பு பக்கம் ரோடு காலி. மிதித்து, விட்டு, மிதித்து. தண்ணீரில் நின்ற பறவைகள் அத்தனையும் எழும்பி ஆகாயமே கறுத்துவிட்டது. (நாலைந்து கொக்கு.) சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. திரும்பும்போது கோவிலம்பாக்கம். ரேடியல் ரோட்டிலிருந்து ரோசி தெரு பிரிகிற முனையில் நிறுத்தினேன். உள்ளே போகவில்லை. அங்கிருந்தே ஸ்டெல்லாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. சொன்னபடி செய்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

“பிரேக் பேட். ரேடியல் ரோட்டில் இருக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து சட்டை கழற்றவில்லை, போன். ஸ்டெல்லா. மூன்றாவது தடவைதான் விரல் பட்டனில் சரியாகப் பட்டது. (குளிர்.)

“எங்க இருக்கீங்க? அடி ஏதும் படலையே?”

“என்ன அடி?”

“பிரேக் பேடுன்னு போட்டிருக்கீங்களே! பிரேக் இல்லாத வண்டிய எடுத்துக்கிட்டு ரேடியல் ரோட்டுக்கு எதுக்குங்க போறீங்க? தொட்டதுக்கெல்லாம் வீம்பு!”

அப்போதுதான் உறைத்தது. சக்கரத்தில் வைக்கிற கட்டையும் பேட். கெட்டுப்போனதும் பேட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. எனக்கு எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ். ஆனால் டீச்சருக்கே தடுக்கிவிட்டது பார்.

வாய் அதுவாக ஓட ஆரம்பித்தது. “ஒரு எருமை ஸ்டெல்லா. மலை மாதிரி. திடீர்னு குறுக்க வந்துச்சு. மிதிக்கறேன், மிதிக்கறேன்...”

“ஐயோ கர்த்தாவே!” குரல் உடைந்துவிட்டது. பின்னால் ரோசி, “என்னக்கா, அத்தானுக்கு என்ன?” என்பது கேட்கிறது. “நீங்க வண்டிய தொடாதீங்க. நான் இப்பவே ஆட்டோ புடிச்சு வர்றேன்.”

வர்றேன். அவள் வாயிலிருந்து. காதில் விழுந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். சிங்க் பாத்திரத்தை மட்டும் கழுவி வைத்தால் போதும்.

ஆட்டோவில் அவள் வருவதை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் காலால் மிதித்துக்கொண்டு வருவாள்.

“ஸ்டெல்லா. எருமை இல்ல.”

“என்னது?”

“எருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரேக் நல்லாத்தான் புடிக்குது. இது கெட்டுப்போன பேடு இல்ல. புதுசா வாங்கிப் போட்ட பேடு.”

போனை வைத்துவிட்டாள்.

பாத்திரம் கழுவினேன். ஏனென்று தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஒன்றும் இல்லை. ரவை வாங்க மறதி.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. ரோசி போன் செய்தாள். “அத்தான், அக்கா கிட்ட என்ன சொன்னீங்க? எருமை எருமைன்னு தனியா சிரிச்சுக்கிட்டிருக்கா. அப்புறம் கண்ணத் தொடைக்கிறா. நாளைக்கு சர்ச்சுக்கு ஆட்டோ வேணாம்னு சொல்லிட்டா.”

“அப்ப எதுல வருவாளாம்?”

“அத நான் வேற சொல்லணுமா? எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவருதானே நீங்க?”

சட்டை அயர்ன் செய்தேன். காலரில் லேசாகத் தீய்ந்துவிட்டது. இப்போதைய ஃபேஷன் அப்படித்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். மழைக்குப் பிறகு வருகிற பளிச்.

ரோசி வீட்டுக்கு முன்னால் வேகத்தடை. மிதித்தேன். கீ...ச். தெரு நாய் எல்லாம் எழுந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே ஸ்டெல்லா ஏற்கெனவே நிற்கிறாள். பைபிள், குடை, நீலப் புடவை. இளைத்திருக்கிறாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஏறி உட்கார்ந்தாள். குரோம்பேட்டை பக்கம் திரும்பும்போது முன்னால் ஒரு தண்ணி லாரி. ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். கால் அதே இடத்தில், அழுத்திக்கொண்டு. நான் வேண்டுமென்றே கொஞ்சம் நெருங்கினேன்.

“பின் சீட்ல என்ன?”

“பொன்னாடை. செயலாளர்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம்னு.”

“என்னன்னு சொல்லிக் கொடுப்பீங்க?”

“விருது கிடைக்கலைன்னு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“அவ்வளவுதானா? உங்களால முடியுமா?” ஜன்னல் பக்கம் முகம். தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

கொடுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன். செயலாளர் என்னை நம்பவில்லை. தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஸ்டெல்லாவே வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

ஆராதனை முடிந்ததும் கோவிலம்பாக்கத்தில் விடச் சொன்னாள். விட்டேன். கேட்டைத் திறந்தவள் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்து, “அந்த சத்தத்த சரி பண்ணிடாதீங்க. நீங்க வர்றது மெயின் ரோட்லயே தெரியுது” என்றாள். போய்விட்டாள்.

திரும்பி வரும்போது எல்லா இடத்திலும் தேவைக்கு அதிகமாகவே மிதித்தேன். அருமையான பேட். நான் முன்பே சொன்னேன்.

ஒன்று மட்டும். மேலே செவ்வாய்க்கிழமை எழுதியதில், பை எடுக்கும்போது ஸ்டெல்லா சொன்னது, “உங்க வாய்க்கு பிரேக்கே கிடையாது.” அவ்வளவுதான். “அன்னைக்கு வர்றேன்” என்று அவள் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது.