மூன்று செல்லையும் மாற்றியாயிற்று

உத்தமபாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹுஸ்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். பத்து நாளாக அத்தா பேசவில்லை என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். கோபமெல்லாம் இல்லை ஆத்தா, தொண்டையில் வைத்துப் பேசுகிற மெஷினில் பேட்டரி செத்துப்போனது. நிறைமாசத்தில் உனக்கு எதற்குக் கவலை என்று நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். இப்போது சரியாகிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே வருகிற உன் மாமா மகன் இத்ரீஸிடம் இதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த மாடலுக்கு இப்போது பேட்டரியே வருவதில்லையாம். தேவாரத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்களுக்கு பேட்டரி கட்டித் தரும் ராஜபாண்டியிடம் கொண்டுபோனேன். பிளந்து பார்த்தால் உள்ளே விரல் நீளத்தில் மூன்று செல், அதில் ஒன்று உப்புப் பூத்துக் கிடந்தது. மூணையும் மாத்திருவோம் மாமா, பழசோட புதுசைச் சேத்துக் கட்டுனா நிக்காது என்றான். என் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே, இரண்டு நல்ல செல்லை ஏன் எறிய வேண்டும், ஒன்றை மட்டும் மாற்று என்று தாளில் எழுதி நீட்டினேன். வீட்டுக்கு வந்து குழம்பில் புளி கூடிப்போச்சு என்று உன் அம்மாவிடம் சொன்னேன், நன்றாகத்தான் பேசியது. அவளுக்குத்தான் ஏன் பேசியது என்று இருந்தது.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும் அது காதுல நீங்கதான் போனில் பாங்கு சொல்லணும் அத்தா என்று நீ கேட்டபோது, மாப்பிள்ளை சொல்லட்டும் என்று மழுப்பினேன். வண்டு இரைகிற மாதிரி இருக்கும் இந்தக் குரலைப் பச்சைப்பிள்ளை காதில் போடுவதா என்றுதான். எப்படி இருந்தாலும் என் பிள்ளை முதல்ல உங்க குரலைத்தான் கேக்கணும் என்றாய், அது மனசை விட்டுப் போகவேயில்லை. சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பாங்கைச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் மெஷின் நின்றுவிட்டது. பிள்ளை காதில் சொல்லும்போது இப்படி நின்றிருந்தால் என்று நினைத்ததும் எனக்கு உட்காரவே முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் தேவாரம் போய் ராஜபாண்டியிடம் மூன்று விரலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மூன்றையும் மாற்றிக் கொடுத்தான்.

நேற்று பாங்கை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை சொன்னேன், எங்கேயும் அறுபடவில்லை. உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுவிட்டு, நல்லாத்தான் சொல்றீக, பிள்ளை பயப்படாது என்றாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

இத்ரீஸிடம் பூண்டு லேகியம் இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகுதான் சாப்பிட வேண்டும். தினமும் கொஞ்சம் நட. அல்லாஹ் உனக்கு லேசாக்கித் தருவான். பிள்ளையைத் துடைத்து எடுத்ததும் முதல் போன் எனக்குத்தான், வலது காதுப் பக்கம் பிடிக்கச் சொல். மாப்பிள்ளைக்கு மறந்துவிடப் போகிறது.

முழுதாகச் சொல்லி முடிப்பேன் என்று உறுதி சொல்லும்
உன் அத்தா
சேக் பரீத்