மணப்பந்தலில் என் மகளாகிவிட்ட இளமதிக்கு நாடு கேட்டு

அனுப்புநர்:
ரா. சடையப்பன் (வயது 58),
முந்திரி, பலா வியாபாரம் (மாவட்டத்திலேயே பேர் போனது),
காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: என் மகள் இளமதிக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்கப் பரிந்துரை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, கும்பிட்டு எழுதிக்கொள்வது:

1. நான் ஒன்பதாவது வரை படித்தவன். இவனுக்கு இதுவே ஜாஸ்தி என்று வாத்தியார்களே சொல்லிவிட்டார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்பவன் மதராஸ் முதல் மலேயா வரை நான் ஒருவனே. ஆகவே அய்யா என்னை நம்பலாம்.

2. என் தாத்தா சுப்பராயலு ரங்கூனில் மூன்று மாடி வீடும் இரண்டு யானையும் வைத்திருந்தவர். (யானை ஒன்றுதான் என்பார் பங்காளி கலியமூர்த்தி. அவர் அப்போது பிறக்கவேயில்லை.) அறுபதுகளில் பர்மாக்காரன் துரத்தியதும் குடும்பத்தோடு கப்பலேறி வந்தார். "தாயகம் திரும்பியோர்" என்று மரியாதையாகப் பேர் வைத்து, சர்க்கார் கடனும் மனையும் கொடுத்தது. இலங்கைத் தோட்டத்து ஜனங்களும் ஒப்பந்தப்படி வந்து குடிமக்கள் ஆனார்கள். பிற்பாடு அதே இலங்கையிலிருந்து சண்டைக்குப் பயந்து படகேறி வந்தவர்களுக்கு மட்டும் முகாம், அகதி அட்டை, அதிகாரி முன்னால் தவறாமல் ஆஜர்.

3. அப்படி மன்னாரிலிருந்து படகில் வந்தவர்களின் மகள்தான் இளமதி. பிறந்தது சிதம்பரம் ஆஸ்பத்திரியில். தகப்பனார் காலமாகிவிட்டார். என் தங்கை சந்திரலேகாவின் மகன் அருண்பாண்டியன், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்றான். "தாராளமா கட்டுடா" என்று முதலில் சொன்னவன் நான்.

4. முகூர்த்தத்தன்று பெண்ணின் தாய்மாமன் விசா கிடைக்காமல் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். மாலை போட ஆளில்லாமல் அவள் அம்மா கண்கலங்கவே, "நான் இருக்கேன்" என்று எழுந்துபோய்ப் போட்டுவிட்டேன். நானோ மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கலியமூர்த்தி பந்தல் அதிரக் கத்தினார்: "யோவ் சடையப்பா! ரெண்டு பேருக்கும் நீயே தாய்மாமன்னா, அவுங்க அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்கய்யா! தாலிய கீழ வையி!" மேளம் நின்றது.

5. நான் கலங்கவில்லை. "போட்ட மாலை போட்டதுதான். மாமனா இல்ல, அப்பனா போட்டேன்" என்று சொல்லி, என் மனைவி அமிர்தத்தை மணையில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்தேன். என் மகளென்றால் அருண்பாண்டியனுக்கு மாமன் மகள், சரியான முறைப்பெண். கலியமூர்த்தியே முதல் அட்சதை போட்டார். மேளக்காரர் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் எங்கள் ஊர்ச் சட்டம் திருந்திவிட்டது.

6. வந்த புதிதில் முகாம் பழக்கத்தில் "கதைக்கிறேன்" என்பாள். இப்போது "இன்னாப்பா இது, சட்டைய மாத்து" என்று பண்ருட்டிச் சந்தைக்காரி கணக்காக என்னையே அதட்டுகிறாள். எங்களுக்கும் அவள் வைக்கும் தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் இடியாப்பம் இறங்குவதில்லை.

7. அவள் இப்போது கர்ப்பவதி. பெற்றோர் பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால், இங்கேயே பிறந்தவளும் சட்டவிரோதமாகக் குடியேறியவளாம். தகப்பன் இந்தியன் என்றாலும், தாய் இப்படி இருக்கையில் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லையாம். அய்யா, என் தகப்பனார் பிறந்தது ரங்கூனில். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவள் பிறந்தது சிதம்பரத்தில். இவளைக் கேட்கிறார்கள்.

ஆகவே, சட்டத்தில் ஒரு வழி பார்த்து மேலிடத்துக்கு எழுதி, பிள்ளை பிறக்குமுன் இளமதியைக் குடிமகளாக்கித் தருமாறு பணிவுடன் கேட்கிறேன். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காது குத்த, தாய்மாமன் முறையில் என் மகன் பழனிவேல் மடி தயாராக இருக்கிறது. நாடு ஒன்றுதான் பாக்கி.

இடம்: காடாம்புலியூர்
நாள்: 17.02.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
ரா. சடையப்பன்
(இளமதியின் தகப்பன்)