நான்கு கணினிகளும் ஒரு நாற்காலியும்

மார்ச் 4, செவ்வாய்

தராசு ஆகிய நான் இதை எழுதத் தொடங்குகிறேன். குழுவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. கடைகளின் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நோக்கம் ஒன்றே. நான்கு கணினிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்க நான் என்ன செய்தேன், அதை யார் யார் எப்படிக் கெடுத்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் நூலகக் கூடத்தில் எங்கள் மின்னிசை அரங்கேறும்போது மானம் போனால், அது யாரால் போயிற்று என்பதில் பிறகு சந்தேகம் வரக்கூடாது.

குழுவில் நால்வர். நான், என் மனைவி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவள் தம்பி, அவனுடைய பல்லைப் பிடுங்கப்போய்ச் சிநேகமாகிவிட்ட பல் டாக்டர் அம்மாள். பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில்தான் ஒத்திகை. சுவரெங்கும் சாலைக் குறியீடுகள். என் தலைக்கு மேல் ‘நில்’, எதிரே ‘வழிவிடு’. யாரும் நிற்பதுமில்லை, வழிவிடுவதுமில்லை. டாக்டர் நடுவில் வேகத்தை ஏற்றிவிட்டு, தூக்கம் வந்ததால் ஏற்றினேன் என்கிறார். ஒரு கணினியில் ஏற்றினால் நான்கும் ஏறும் என்று எத்தனை முறை சொல்வது?

எல்லாவற்றையும்விட மோசம் டிரம். அது என் மனைவியின் பொறுப்பு. அவள் கணினி தரும் ‘டிக்’ ஒலியைக் கேட்டு, ரப்பர் பலகையில் விரலால் தட்ட வேண்டும். இன்றும் பின்தங்கியது.

விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று: வேகத்தை மாற்றும் உரிமை எனக்கு மட்டுமே. இரண்டு: வயர்லெஸ் இணைப்பு எதுவும் கூடாது, எல்லாம் கேபிள் வழியே. மூன்று: எந்தக் கணினிக்கும் தனி நேரம் கிடையாது, நான்கும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும்.

மச்சினன் படித்துவிட்டு, “அத்தான், லைசென்ஸ் டெஸ்ட்டுக்கே இவ்வளவு ரூல் இல்லை” என்றான். டாக்டர் பெஞ்சு அதிரச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 5, புதன்

இன்றும் மனைவி வீட்டில் என் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசை சுவரை ஒட்டியது. இருவரும் அருகருகே அமர்வோம். இடப்பக்கம், சன்னலோரம், என் இடம். இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அப்படித்தான். ஜனவரியிலிருந்து இந்த வம்பு நடக்கிறது. இடம் மாறி உட்கார்ந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறாள். இடம் என்றால் இடம் என்றேன். எழுந்து மாறினாள்.

அடுத்த ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பேசப் பிடிக்கவில்லை என்றால் அதையாவது வாயைத் திறந்து சொல்லலாம் அல்லவா?

மார்ச் 9, ஞாயிறு

முறையாகச் சோதித்தேன். நான்கு கணினிகளின் டிக் ஒலியையும் ஒரே பதிவில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. கேபிளில் குறையில்லை, கணினியில் குறையில்லை. ஆகவே முடிவை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன்:

“கம்ப்யூட்டர் நாலும் சரி. கைதான் லேட்.”

மனைவி ரப்பர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கைப்பையில் எதையோ தேடினார். மச்சினன் வண்டியின் ஹாரனைச் சரிபார்க்க வெளியே போனான். ஓடாத வண்டிக்கு என்ன ஹாரன்?

உண்மையைச் சொன்னால் இப்படித்தான். போன வருடம் வரை பிசகாத கை அது. கவனம் இல்லை, அவ்வளவுதான். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசிக்கிறாள். காதில் போடு என்றால் முடி கலையும் என்கிறாள். இத்தனை வருடம் இறுக்கிப் பின்னியவள், இப்போது காதை மூடி முடியை விட்டுக்கொள்கிறாள். இந்த வயதில் புது அலங்காரம்.

மார்ச் 10, திங்கள்

இன்று என்னிடம் பேசியதெல்லாம் ‘ம்’.

மார்ச் 16, ஞாயிறு

ஒத்திகை பாதியில் நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மற்றவர்கள் வருமுன் ஒவ்வொரு கணினியையும் பார்த்தேன். மனைவியின் கணினியில் வயர்லெஸ் இணைப்பு ஒன்று உயிரோடு இருந்தது. ஏதோ ஒரு கருவி, புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர். என் வீட்டு ஆளே விதியை மீறுகிறாள்! அணைத்தேன். யாரையும் கேட்கவில்லை. விதியைச் செயல்படுத்த யாரைக் கேட்க வேண்டும்?

தொடங்கினோம். டிரம் வரவில்லை. அவள் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

“டிக் வரலைங்க” என்றாள்.

“ஹெட்போனைக் காதுல போட்டா வரும்” என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். ‘வழிவிடு’ பலகையைத் தாண்டி வெளியே போனாள். டாக்டரும் பின்னாலேயே போனார். மச்சினன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… பச்சைப் புழுவைப் பார்ப்பதுபோல.

விதியை எழுதியவன் குற்றவாளி, மீறியவர்கள் பாவம். நல்ல நியாயம்.

மார்ச் 17, திங்கள்

மச்சினன் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். சோதனை எடைக்கற்கள் வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்று, ஒரு கல்லை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினான். அதை வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அக்காவுக்குக் காது போச்சு அத்தான். டிசம்பர்லேருந்து ரெண்டு காதுலயும் மெஷின். டிக் நேரா அதுக்குள்ள வருது, வயர் இல்லாம. நேத்து நீங்க அணைச்சது அதைத்தான்.”

யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். டாக்டருக்குத் தெரியுமாம். என் மனைவி பாடம் நடத்தும் பள்ளியில் தெரியுமாம். முன் பெஞ்சுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம், டீச்சர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று.

“உனக்கு?”

“நான்தான் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகுத் துணுக்கைக் கண்டுபிடிக்கிறவன் நான். ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது! கூட இருக்கிறவனை என்னன்னு நெனச்சா? அடுத்த வீட்டுக்காரனா நான்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?

கல்லைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதின் பின்னால் சாம்பல் நிறத்தில், அவரைவிதை அளவு. ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எந்தக் காதுல எவ்வளவுன்னு சார்ட் போட்டு ஃபிரிஜ்ல ஒட்டியிருப்பீங்க. வீட்ல எல்லாத்தையும் அளக்கறீங்க. என்னையும் அளப்பீங்க.”

அதற்கு மேல் நான் பேசியதை இங்கு எழுத விருப்பமில்லை. சத்தமாகப் பேசினேன். துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அவள் ஒவ்வொன்றாக இரண்டு கருவிகளையும் காதிலிருந்து கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு தலையணை உறைகளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடிக்கத் தொடங்கினாள்.

நான் இன்னும் சிறிது நேரம் கத்திக்கொண்டிருந்தேன். யாரிடம்?

மார்ச் 20, வியாழன்

டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். என் மனைவி வராவிட்டால் அவரும் வரமாட்டாராம். “நாலு கம்ப்யூட்டரையும் நீங்களே வாசிச்சுக்குங்க சார். யாரும் ரூலை மீற மாட்டாங்க” என்று வைத்துவிட்டார். பல் பிடுங்குகிறவருக்கு வாய் அதிகம்.

ஆத்திரத்தில் பழைய பதிவுகளை மறுபடி திறந்தேன், அவர்கள் எல்லோர் தவறையும் நிரூபிக்க. அப்போதுதான் யோசித்தேன். டிக் அவள் கணினியிலிருந்து சரியான நேரத்தில் கிளம்புகிறது. காற்றுவழியே கருவிக்குள் போய்ச் சேரத்தான் நேரமாகிறது. கேட்ட கணத்தில் அவள் தட்டுகிறாள். கை தாமதமில்லை. வழிதான் தாமதம். அந்த வழியை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

ஒன்று மட்டும் முடியும். அவள் கணினி மற்ற மூன்றுக்கும் முன்பே கிளம்ப வேண்டும். கணினிகள் நான்கும் ஒன்றாக ஓடினால் இசை ஒன்றாக வராது.

மூன்றாம் விதி. நான் எழுதியது.

மார்ச் 22, சனி

எவ்வளவு முன்னால் என்று தெரிய, அளக்காமல் வழியில்லை. அவளிடம் போய் நின்றேன். இத்தனை வருட உத்தியோகத்தில் யாரிடமும் இதற்கு நான் அனுமதி கேட்டதில்லை.

“அளக்கலாமா?”

ரப்பர் பலகையை முன்னால் இழுத்து வைத்தாள்.

“அளங்க. முணுமுணுக்காம, மூஞ்சியைப் பார்த்துப் பேசி அளங்க. இந்தப் பக்கம் வாங்க, வலப்பக்கம். இடது காதுல மெஷின் போட்டும் ஒண்ணுமில்லை.”

வலப்பக்கம் போனேன். சாப்பாட்டு மேசையை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. பார்க்காமல் இருந்தேன்.

அவள் தட்டினாள், நான் பதிவெடுத்தேன். ஒவ்வொரு தட்டும் தாமதம், ஒவ்வொன்றும் அதே அளவு தாமதம். இவ்வளவு சீராக எந்தக் கடையின் தராசும் என் முன்னால் நின்றதில்லை. இந்தக் கையைத்தான் நான்கு பேர் நடுவே குறை சொன்னேன். அதை அவளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள். மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். நானும் மன்னிக்கவில்லை என்றேன். சரி என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஒத்திகை. டிரம் வந்து விழுந்த இடம்… டாக்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மச்சினன் சுவரைக் காட்டினான்: “அத்தான், ரூல் நம்பர் மூணு?” எழுந்து போய் அதைக் கோடு போட்டு அடித்தேன். இரண்டாம் விதியையும் அடித்தேன். முதல் விதி அப்படியே இருக்கிறது. டாக்டர் இன்றும் வேகத்தை ஏற்றினார்.

மார்ச் 29, சனி

நூலகக் கூடம். தொடங்குமுன் அங்கே ஒலிபெருக்கிகளைக் கவனிப்பவர் வந்து திரைகளை எட்டிப்பார்த்தார். “சார், ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி ஓடுது. சின்க் பண்ணி எல்லாத்தையும் ஒண்ணா ஓட விட்டுடட்டுமா?” என்று கையை நீட்டினார். கையை எடுங்க என்றேன். என் குரல் கடைசி வரிசைவரை கேட்டிருக்கிறது. மனைவிக்கும் கேட்டிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மானம் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

என் கோபம் தீரவில்லை. ஊருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாதது தவறு. அதை எந்தச் சோதனைக்கு வேண்டுமானாலும் உட்படுத்தலாம், தவறுதான். இது பற்றி அவளிடம் நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சன்னலோர நாற்காலியில் கிடந்த என் துண்டையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துவிட்டேன். இன்றுமுதல் அது அவள் இடம். நான் அவளுக்கு வலப்பக்கம் அமர்வேன். கேட்க வேண்டியதை அங்கிருந்து, முகத்தைப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி கேட்பேன்.